பழைய எஃகுப் பந்தய சைக்கிள் ஃபிரேம் அசல்தானா, என்ன மதிப்பு பெறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியிலும் இங்கிலாந்திலும் ஏறத்தாழ 1950 முதல் 1980களின் இறுதி வரை, லக் எனப்படும் இணைப்புக் கூடுகளில் குழாய்களைச் செருகிப் பித்தளையாலோ வெள்ளியாலோ பற்றவைத்த பந்தய ஃபிரேம்களைப் பற்றியது இந்தப் பக்கம். கொல்நாகோ, சினெல்லி, மாசி, டி ரோசா, ராலே போன்ற பெயர்களைத் தேடி வருபவர் பெரும்பாலும் நாலைந்து படங்களை மட்டும் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் விற்பவரிடம் எந்தப் படத்தைக் கேட்பது, ஃபிரேம் கைக்கு வந்ததும் எதை அளப்பது என்பவற்றுக்கே இங்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

ஸ்டிக்கரில் பெயர் தெளிவாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஒரு ஃபிரேமில் மிக எளிதாக மாற்றக்கூடியவை பெயிண்டும் ஸ்டிக்கரும்தான். எல்லாப் பெரிய பெயர்களுக்கும் நகல் ஸ்டிக்கர் அச்சிட்டு வெளிப்படையாகவே விற்கிறார்கள். புதுப்பிப்பவர்களுக்கு அவை தேவை என்பதால் அதில் தவறில்லை. அதே தாளை வாங்கி யாரும் எந்த ஃபிரேமிலும் ஒட்டலாம் என்பதுதான் சிக்கல்.

மாற்றக் கடினமானவற்றைப் பாருங்கள்: லக்கின் வடிவம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தோள் பகுதி, பின்சக்கரத்திலிருந்து சீட் நோக்கி ஏறும் சீட் ஸ்டே குழாய் சீட் லக்கோடு சேரும் இடத்தில் உள்ள மூடி, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் அடிப்பகுதி, சக்கரம் உட்காரும் டிராப்அவுட், குழாயின் உள்விட்டம். இந்த ஆறும் ஒரே கதையைச் சொன்னால்தான் ஸ்டிக்கரை நம்பலாம்.

டிராப்அவுட்டில் ‘கம்பானியோலோ’ என்று பொறித்திருப்பதைப் பெரிய ஆதாரமாகக் காட்டுவார்கள். இத்தாலியின் விசென்சாவைச் சேர்ந்த அந்தப் பாக நிறுவனம் டிராப்அவுட்டை எல்லாப் பட்டறைக்கும் விற்றது. ஆகவே அந்தப் பொறிப்பு நல்ல தரத்துக்கு அடையாளம், ஆனால் ஃபிரேமைச் செய்தவர் யார் என்பதை அது சொல்லாது. அந்தப் பொறிப்பு இல்லாமல், தகட்டை வெட்டியெடுத்த மெல்லிய டிராப்அவுட் இருந்தால், உயர்ந்த மாடல் என்ற கூற்றைச் சந்தேகப்பட வேண்டும்.

குழாய் உண்மையிலேயே கொலம்பஸ் எஸ்.எல். தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொலம்பஸ் என்பது இத்தாலியக் குழாய் நிறுவனம், எஸ்.எல். அதன் பந்தயக் குழாய் வகை. கண்டுபிடிக்க, விட்டத்தை அளக்கும் வெர்னியர் காலிபர் ஒன்று போதும். பந்தயக் குழாய்கள் முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இழுக்கப்பட்டவை. கொலம்பஸ் எஸ்.எல்.-இல் பார் எனப்படும் மேல் குழாயும் கீழ்க் குழாயும் 0.9–0.6–0.9 மி.மீ. கனம் கொண்டவை. கனமான ஓட்டுநருக்கும் பெரிய ஃபிரேமுக்கும் என வந்த எஸ்.பி.-யில் இது 1.0–0.7–1.0. சீட் குழாய்க்கு அடிமுனையில் மட்டுமே தடிப்பு உண்டு, மேல்முனை மெலிந்தே இருக்கும். அதனால் சீட்டைத் தாங்கி அதற்குள் இறங்கும் சீட் போஸ்ட்டின் விட்டமே குழாயின் தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்கு எளிது. சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. எஸ்.எல். என்றால் இருபக்கச் சுவரும் சேர்ந்து 1.2 கழியும், உள்விட்டம் 27.4 வரும், அதில் 27.2 மி.மீ. போஸ்ட் இறங்கும். எஸ்.பி. என்றால் 27.0. இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனத்து இரட்டைத் தடிப்பு 531 குழாய்க்கும் 27.2 தான். அதே வெளிவிட்டத்தில் 26.4 போஸ்ட்தான் இறங்குகிறது என்றால் சுவர் ஏறத்தாழ 1 மி.மீ. கனம் என்று அர்த்தம். ஸ்டிக்கர் எதைச் சொன்னாலும் அது எஸ்.எல். இல்லை. 25.4 என்றால் சாதாரண இரும்புக் குழாய்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது பிரெஞ்சு ஃபிரேம்கள். அவற்றின் சீட் குழாய் வெளிவிட்டமே 28.0 மி.மீ. பெஜோ பி.எக்ஸ்.-10 நல்ல ரெனால்ட்ஸ் 531 ஃபிரேம், அதன் போஸ்ட் 26.4. எனவே வெளிவிட்டத்தை அளக்காமல் போஸ்ட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாவது, சிறிய போஸ்ட்டைப் போட்டு போல்ட்டை இறுக்கி இறுக்கி லக்கின் காதுகள் உள்வாங்கிப் போனவை. போஸ்ட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், போஸ்ட்டைக் கழற்றி, காதுக்கு மூன்று செ.மீ. கீழே உள்விட்டத்தை அளந்து பாருங்கள்.

அடுத்து, ஃபோர்க்கைக் கழற்றி, அதன் மேல்பகுதியான ஸ்டீயரர் குழாயின் உள்ளே டார்ச் அடியுங்கள். கொலம்பஸ் ஸ்டீயரரின் அடிப்பகுதியில் திருகு போல் சுழன்று ஏறும் ஐந்து வரிகள் தெரியும். 1980களின் நடுவில் வந்த எஸ்.எல்.எக்ஸ். என்றால், பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி உள்ளே பார்க்கும்போது கீழ்க் குழாய், சீட் குழாய் முனைகளிலும் இதே வரிகள் இருக்க வேண்டும். எஸ்.எல்.எக்ஸ். என்று விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் படம் இதுதான். வரி இல்லாத ஸ்டீயரர் என்றால் ஃபோர்க் மாற்றப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு, அதைத் தனியாகச் சோதியுங்கள்.

பாட்டம் பிராக்கெட் திரி (திருகு மரை) எதைச் சொல்லும்?

எந்த நாட்டு மரபில் செய்தது என்பதைச் சொல்லும். இத்தாலியத் திரி 36 மி.மீ. விட்டம், ஓர் அங்குலத்துக்கு 24 திரி, கூட்டின் அகலம் 70 மி.மீ., இருபுறமும் வலத்திரி. ஆங்கிலேயத் திரி 1.37 அங்குலம், 24 திரி, அகலம் 68, செயின் பக்கம் இடத்திரி. பிரெஞ்சுத் திரி 35 மி.மீ., இருபுறமும் வலத்திரி.

கவனிக்க வேண்டியது கலப்பு. திரி இத்தாலியம், ஆனால் அகலம் 68 என்று அளந்தால், அது பெரும்பாலும் திரி தேய்ந்துபோன ஆங்கிலேயக் கூட்டைப் பெரிதாக்கி இத்தாலியத் திரி வெட்டிய பழுதுபார்ப்பு. ஓட்டுவதற்கு அதில் குறையில்லை, ஆனால் சேகரிப்பு விலை இறங்கும். ஆங்கிலேயத் திரியோடு ‘இத்தாலிய’ ஃபிரேம் வந்தால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். ஏற்றுமதிக்கு அப்படிச் செய்தவையும் உண்டு. மற்ற அடையாளங்களைக் கூடுதல் கண்டிப்போடு பாருங்கள், அவ்வளவுதான்.

எந்த ஆண்டு ஃபிரேம் என்று கணிப்பது எப்படி?

பின் டிராப்அவுட்டுகளுக்கு இடையிலான உள் அகலத்தில் தொடங்குங்கள். ஐந்து பல்சக்கர ஃப்ரீவீல் காலத்தில் 120 மி.மீ., ஆறு, ஏழு வந்த பிறகு 126, எட்டு வந்த பிறகு, அதாவது ஏறத்தாழ 1990 முதல், 130. எஃகை வளைத்து அகட்டலாம் என்பதால் 130 இருப்பது பிற்காலத்தது என்பதற்குச் சான்றாகாது. அகட்டியிருந்தால் டிராப்அவுட் முகங்கள் இணையாக இல்லாமல் சற்று விரிந்து நிற்கும்.

பிறகு, பற்றவைத்த சிறு துண்டுகள். 1970களின் முற்பகுதி வரை கேபிளை எல்லாம் பட்டையால் கட்டினார்கள். மேல் குழாயில் பின் பிரேக் கேபிளுக்கு மூன்று குரோம் பட்டைகள் இருக்கும். தண்ணீர்க் குப்பிக்கான திருகு துளை, அதிலும் இரண்டு ஜோடி, பிந்தைய வழக்கம். கியர் கேபிள் பாட்டம் பிராக்கெட்டின் மேலே ஓடினால் பெரும்பாலும் 1970கள், அடியில் ஓடினால் 1980கள். முதல் பெயிண்ட் அடித்த பிறகு இத்துண்டுகளைச் சேர்த்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். துளையைச் சுற்றி மட்டும் பித்தளை வேறு நிறத்தில் தெரிந்தால் பிற்சேர்க்கை.

சில பெயர்களுக்குக் காலக்கோடு உறுதியாக இருக்கிறது, அதை வைத்துப் பல விளம்பரங்களை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

கொல்நாகோவின் மூவிலை முத்திரை 1970இல் மிக்கேல் டான்செல்லி மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்ற காலத்தோடு வந்தது. ‘1965 கொல்நாகோ’ லக்கில் மூவிலை வெட்டு இருந்தால் கணக்கு இடிக்கிறது. ‘மெக்சிகோ’ மாடலின் பெயர், 1972 அக்டோபர் 25 அன்று பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சாதனையிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய ‘மெக்சிகோ’ இருக்க முடியாது.

சினெல்லி நிறுவனம் 1978இல் சினோ சினெல்லியிடமிருந்து கொலம்பஸ் குடும்பத்தின் அன்டோனியோ கொலம்போவுக்குக் கைமாறியது. சிறகு விரித்த ‘சி’ முத்திரை அதன் பிறகு வந்தது. அதற்கு முன் கேடய முத்திரைதான். ஸ்டெம், ஹேண்டில் பார் ஆகியவற்றுக்கும் இதே விதி.

எடி மெர்க்ஸ் சொந்தப் பட்டறை தொடங்கியது 1980இல். 1970களில் அவர் பெயரோடு கடைக்கு வந்தவை பெல்ஜியத்தில் கெசல்ஸ், இங்கிலாந்தில் ஃபால்கன் ஆகியோர் உரிமம் பெற்றுச் செய்தவை. அவையும் அசல்தான், ஆனால் மெர்க்ஸின் பட்டறைச் சரக்கின் விலையைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாசி என்றால் ஊரைக் கேளுங்கள். ஃபலியேரோ மாசியின் பட்டறை மிலானில் சைக்கிள் பந்தயத் தடமான விகொரெல்லி வெலோட்ரோமின் கீழே இருந்தது. 1973 முதல் அமெரிக்காவில் கார்ல்ஸ்பாட் நகரிலும் மாசி ஃபிரேம்கள் செய்யப்பட்டன. இரண்டுக்கும் தேடுவோர் உண்டு, ஆனால் ஒன்றை மற்றொன்றாக விற்பது தவறு.

கொல்நாகோ மாஸ்டர், சினெல்லி சூப்பர்கோர்சா ஆகியவை பிற்காலத்திலும் தொடர்ந்து செய்யப்பட்டவை. பெயர் பழையது என்பதால் ஃபிரேமும் பழையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சீரியல் எண்ணை வைத்துச் சரிபார்க்க முடியாதா?

இத்தாலியப் பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்கு முடியாது. கூட்டின் அடியிலோ சீட் லக்கிலோ இரண்டு இலக்கம் இருந்தால் அது பெரும்பாலும் ஃபிரேமின் செ.மீ. அளவு. ஆங்கிலேயர் இதில் ஒழுங்கு. ஹெட்சின்ஸ் போன்ற பட்டறைகளின் எண்களை 1955இல் தொடங்கிய வெட்டரன்-சைக்கிள் கிளப் உறுப்பினர்கள் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். ராலேயின் இல்கெஸ்டன் சிறப்புப் பட்டறையில் செய்தவற்றில் ஆங்கிலத்தில் ‘SB’ என்று தொடங்கும் எண் இருக்கும் (கொலம்பஸ் எஸ்.பி. குழாயோடு இதைக் குழப்ப வேண்டாம்).

‘குழு வீரர் ஓட்டிய ஃபிரேம்’ என்கிறார்கள். நம்பலாமா?

காகிதம் இல்லாமல் நம்பாதீர்கள். இங்கே குழப்பம் இருபுறமும் உண்டு. அந்தக் காலத்தில் பெரிய வீரர்கள் தமக்குப் பிடித்த பட்டறைக்காரரிடம் ஃபிரேம் செய்துகொண்டு, அதன்மேல் குழுவுக்குப் பணம் தரும் நிறுவனத்தின் பெயரை எழுதி ஓட்டினார்கள். மாசியும் டி ரோசாவும் அப்படி வேறு பெயர்களில் பல ஃபிரேம் செய்திருக்கிறார்கள். ஆகவே லக் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் அது போலியாகவும் இருக்கலாம், மிக அரிய உண்மையாகவும் இருக்கலாம். வித்தியாசத்தைச் சொல்வது அந்தக் காலத்துப் புகைப்படம், வீரரின் அளவுகளோடு பொருந்தும் குழாய் நீளம், கைமாறிய கடிதம் ஆகியவை மட்டுமே.

மறுபுறம், குழுவின் நிறங்களைக் கடைச் சரக்குக்கும் அடித்து விற்றார்கள். டி.ஐ.-ராலே குழுவின் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இதற்குப் பெரிய உதாரணம். 1980இல் யூப் சூட்டமெல்க் டூர் டி ஃபிரான்ஸை வென்றது அந்தக் குழுவில். அவர்களுடைய ஃபிரேம் இல்கெஸ்டனில், ரெனால்ட்ஸ் 753 போன்ற மெல்லிய குழாயில் வந்தது. அந்தக் குழாயைப் பற்றவைக்க, மாதிரி இணைப்பு அனுப்பித் தேர்ச்சி பெற்ற பட்டறைக்கு மட்டுமே ரெனால்ட்ஸ் அனுமதி தந்தது. கடையில் விற்ற அதே நிறத்துச் சைக்கிள்களில் பல சாதாரணக் குழாய். போஸ்ட்டின் விட்டமும் SB எண்ணும் இரண்டு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும்.

சேதத்தை எங்கே தேடுவது?

முதலில் விரல் நுனி. ஹெட் லக்குக்குப் பின்னால், மேல் குழாயின் அடியிலும் கீழ்க் குழாயின் அடியிலும் மெதுவாகத் தடவுங்கள். முன் மோதலில் இந்த இரண்டு இடமும் வீங்கும், அல்லது மடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். பெயிண்டில் குறுக்கே நுண்ணிய வெடிப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான். சின்னக் காந்தத்தைக் குழாய் நெடுக நகர்த்துங்கள். பிடிப்பு திடீரெனத் தளர்ந்தால் பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசிப் பள்ளத்தை மறைத்திருக்கிறார்கள்.

நேர்கோடு பார்க்க ஒரு நூல் போதும். ஒரு பின் டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 2 மி.மீ.க்கு மேல் என்றால் சரிசெய்யும் செலவை விலையில் கழியுங்கள்.

விரிசல் விழும் இடங்கள்: செயின் பக்க டிராப்அவுட் குழாயோடு சேரும் இடம், கீழ்ப் பின்குழாயான செயின் ஸ்டே பாட்டம் பிராக்கெட் கூட்டோடு சேரும் இடம், சீட் லக்கின் காது, கியர் நெம்புகோல் பற்றவைத்த இடம். ஃபிரேமைத் தலைகீழாகக் குலுக்குங்கள். மணல் போல் சலசலத்தால் உள்ளே துரு உதிர்கிறது. தண்ணீர் கடைசியில் தேங்குவது பாட்டம் பிராக்கெட் கூட்டில், ஆகவே துருவும் அங்கேதான் அதிகம்.

சீட் போஸ்ட் அசையவே இல்லை. வாங்கலாமா?

விலை அதற்கேற்பக் குறைந்தால் வாங்கலாம். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் சேர்ந்து கிடந்தால் அலுமினியம் அரித்து, அந்த உப்பு பருத்து இறுகிவிடும். போல்ட்டை முழுவதும் கழற்றி, ஃபிரேமைக் கவிழ்த்து, பாட்டம் பிராக்கெட் வழியாக ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு போஸ்ட்டின் தலையை வைசில் பிடித்து ஃபிரேமையே நெம்புகோலாகத் திருப்புங்கள். ஃபிரேம் குழாயை வைசில் ஒருபோதும் பிடிக்கக் கூடாது, மெல்லிய நடுப்பகுதி நசுங்கிவிடும். அப்படியும் வராவிட்டால் போஸ்ட்டை அறுத்து, உள்ளிருந்து ரம்பத்தால் நீளவாக்கில் கீறி மடக்கி எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், ஆனால் பெயிண்டையும் தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், தோலையும் கண்ணையும் எரிக்கும். அசல் பெயிண்ட் உள்ள ஃபிரேமில் அதைத் தொடாதீர்கள்.

பெயிண்ட் மங்கி, அங்கங்கே உரிந்திருக்கிறது. புதிதாக அடித்தால் மதிப்பு கூடுமா?

பெரும்பாலும் குறையும். முதல் பெயிண்ட் ஒரு முறைதான் இருக்க முடியும். அதோடு, ஃபிரேம் அசல் என்பதற்கான சாட்சியின் பெரும்பகுதியும் அதில்தான் இருக்கிறது. மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான மெழுகு, உரிந்த இடத்தில் துருவை நிறுத்தச் சொட்டு எண்ணெய் — இவ்வளவோடு நிறுத்துவதே எங்கள் பரிந்துரை.

பெயிண்ட் ஏற்கெனவே போய்விட்டது, அல்லது யாரோ மோசமாகப் பூசியிருக்கிறார்கள் என்றால் புதுப்பிக்கலாம். பவுடர் கோட்டிங் வேண்டாம். அதன் தடித்த படலம் லக்கின் கூர் விளிம்பை மழுக்கிவிடும். மணல் வீச்சு குரோமைக் கெடுக்கும், மெல்லிய குழாயையும் தேய்க்கும். மறுபடி குரோம் பூச அமிலத் தொட்டியில் இறக்குவதும் ஆபத்து. குழாய்க்குள் தங்கிய அமிலம் பிறகு உள்ளிருந்து தின்னும்.

மறுபூச்சைக் கண்டுபிடிக்க, பாட்டம் பிராக்கெட் கூட்டின் உள்விளிம்பு, சீட் லக்கின் பிளவு, ஸ்டீயரரின் அடி ஆகிய இடங்களில் வேறு நிறம் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். இன்னொன்று: 1970களின் இத்தாலியப் பட்டறைகள் அவசரத்தில் வேலை செய்தவை. லக் விளிம்பில் அரம் பட்ட கீறலும் சற்று வழிந்த பித்தளையும் அங்கே சகஜம். கண்ணாடி போல் மின்னும் பரிபூரணம்தான் சந்தேகத்துக்குரியது.

பாகங்களும் அசலாக இருக்க வேண்டுமா?

முழு சைக்கிளாக வாங்கினால், ஆம். கம்பானியோலோ பாகங்கள் தம் வயதைத் தாமே சொல்லும். கியர் மாற்றும் நூவோ ரெக்கார்ட் பின் டெரெய்லரில் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஹப்பின் லாக் நட்டிலும் அப்படியே. பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் பின்புறத்தில் வைரக் கட்டத்துக்குள் எண் என்றால் 1970கள், வட்டத்துக்குள் என்றால் 1980கள். செயின் வளையத்தின் ஐந்து போல்ட் வட்டம் 151 மி.மீ. என்றால் 1967க்கு முந்தைய வடிவம், அதன்பின் 144. இவை எல்லாம் ஓரிரு ஆண்டுக்குள் ஒத்துப்போனால் அந்தச் சைக்கிள் கலையாமல் வந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

ஓட்டப்போகிறவர் கிராங்கைக் கழற்றி, கையும் ஐந்து கிளைகளும் சேரும் கூர் மூலையில் விரிசல் பாருங்கள். அங்கே உடைவது இந்தக் கிராங்கின் தெரிந்த பலவீனம்.

விலையை எது ஏற்றுகிறது?

அசல் பெயிண்டும், ஃபிரேமோடு பிறந்த ஃபோர்க்கும் முதலிடம். மாற்று ஃபோர்க் என்றால் பாதி ஃபிரேம் போனது போல எண்ணுங்கள். அடுத்தது அளவு. 54 முதல் 58 செ.மீ. வரை வாங்குவோர் அதிகம், 62க்கு ஆள் தேட வேண்டும். கொல்நாகோ சீட் குழாயின் உச்சி வரை அளப்பது வழக்கம், மற்றவர் பலர் குழாய்களின் மையம் வரை. இரண்டுக்கும் ஒன்றரை செ.மீ. போல வித்தியாசம் வரும், எனவே அளக்கும் முறையைக் கேளுங்கள்.

1997இல் டஸ்கனியின் கயோலே இன் கியாந்தியில் தொடங்கிய லெரோய்கா ஓட்டமும் சந்தையை மாற்றியது. 1987க்கு முந்தைய எஃகுச் சைக்கிள், கீழ்க் குழாயில் கியர் நெம்புகோல், கால்விரல் கூண்டு உள்ள பெடல் என்பது அதன் விதி. அதனால் ஓட்டத் தகுந்த நிலையில் உள்ள 1980களின் முற்பகுதி ஃபிரேமுக்கும் கிராக்கி வந்தது.

நம்மூர்ப் பழைய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டியை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

பந்தய ஃபிரேமாக அல்ல. அவை சுமை தாங்கச் செய்த தடித்த குழாய். ஆனால் உறவு உண்டு: 1949இல் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸின் ‘டி.ஐ.’யும், டி.ஐ.-ராலே குழுவின் ‘டி.ஐ.’யும் ஒன்றே. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம் அது. ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனமும் அதற்குள்தான் இருந்தது. அந்தப் பழைய வண்டிகளை அவற்றின் சொந்தக் கணக்கில், பாகம் மாறாமல் பாதுகாப்பதே நியாயம்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பச் சொல்லும்போது என்ன கேட்க வேண்டும்?

பணம் கட்டும் முன் படங்கள்: செயின் பக்கம் முழுதாக, கூட்டின் அடி, இரு டிராப்அவுட், சீட் லக் மேலிருந்து, ஃபோர்க் தோள் மேலும் கீழும், கழற்றிய ஸ்டீயரர், சீட் குழாயின் உள்விட்டத்தில் வைத்த காலிபர். கட்டும்போது பின் டிராப்அவுட்டுக்கு நடுவில் அந்த ஃபிரேமின் அளவுக்கே ஒரு முட்டுக்கட்டை, ஃபோர்க்கில் 100 மி.மீ. முட்டு. வழியில் நசுங்குவது பெரும்பாலும் அந்த இரண்டு இடம்தான். ஃபோர்க்கைக் கழற்றி அனுப்பினால் ஃபோர்க் சுழல உதவும் ஹெட்செட்டின் கிண்ணம், குண்டு, நட்டு எல்லாம் ஒரே உறையில் போட்டு ஃபிரேமோடு கட்டச் சொல்லுங்கள். பழைய இத்தாலிய ஹெட்செட்டில் ஒரு நட்டு தொலைந்தால், அதற்கு இணையானதைத் தேடுவது ஃபிரேமைத் தேடியதை விட நீளும்.